எறும்பு தின்ற மெட்டு

அந்தக் காலத்தில் எறும்புகளில் கறுப்பு என்று ஒன்று கிடையாது. எல்லாமே சிவப்பு, எல்லாமே கடிக்கும். வரிசை, ஒழுங்கு என்ற பேச்சே அவற்றிடம் இல்லை. ஒன்று கிழக்கே போனால் இன்னொன்று மேற்கே போகும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி ஓடும். வழி விடவில்லை என்று சண்டை பிடிக்கும். சண்டை என்றால் வாய்ச்சண்டைதான். அப்போது எறும்புக்கும் பேச்சு உண்டு, பல்லிக்கும் பேச்சு உண்டு. மனிதர்கள் அவற்றோடு பேசுவதும் அவை பதில் சொல்வதும் வீட்டுக்கு வீடு நடந்ததுதான்.

பொருநை ஆற்றங்கரையில் தருவைக்கரை என்று ஓர் ஊர். அந்த ஊரில் உலகம்மை என்று ஒருத்தி மெட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கட்டுகிற மெட்டைக் கோயில் கொடைத் திருவிழாவில் நாகசுரத்தில் ஊதுவது அவள் புருஷன் மாடக்கண்ணு. அப்பன் வழியில் வந்த உரிமை அது.

உலகம்மையிடம் ஒரு பழக்கம் இருந்தது. மெட்டு ஒன்று தலைக்குள் வந்துவிட்டால் அதை எழுதி முடிக்கும்வரை அவளுக்குச் சோறு தண்ணி இறங்காது. எழுதி முடித்த மறுகணம் அது தலையைவிட்டுப் போய்விடும். அடியோடு போய்விடும். முந்தின நாள் எழுதியதைப் பாடச் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். கேட்டால், “தலைக்குள்ள எடம் வேணும்லா? பழசு காலை நீட்டிப் படுத்துக் கெடந்தா புதுசு எங்க வந்து உக்காரும்?” என்பாள். அதனால் அவளுக்குக் காகிதம்தான் எல்லாம்.

அவள் எழுதுகிற விதமும் அலாதி. காகிதத்தை லேசாக ஈரம் காட்டி, விரல் நகத்தால் ஏழு கோடு கீறுவாள். ஏழு சுரத்துக்கு ஏழு கோடு. நாணல் தண்டைச் சாய்வாகச் சீவி, நுனியில் ஒரு பிளவு கொடுத்து, மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு அந்தக் கோடுகளின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போவாள். மேல் கோட்டுப் புள்ளிக்கு மேலே ஏற வேண்டும், கீழ்க் கோட்டுப் புள்ளிக்குக் கீழே இறங்க வேண்டும். இழுத்துப் பிடிக்க வேண்டிய சுரத்துக்குப் பெரிய புள்ளி. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சின்னப் புள்ளிகள். மாடக்கண்ணு அதைப் பார்த்த மாத்திரத்தில் ஊதிவிடுவான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் மாடக்கண்ணுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. பிழைத்தால் போதும் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். பிழைத்துவிட்டான். ஆனால் முன்னிருந்த மூச்சு திரும்பி வரவில்லை. ஒரு காலத்தில் அவன் ஒரே மூச்சில் ஊதி முடிப்பதற்குள் சப்பரம் ஒரு தெருவைத் தாண்டிவிடும். இப்போது நாலு சுரம் ஊதினால் இருமல் வந்து மறித்தது.

பங்குனிக் கொடை நெருங்கியதும் ஊர்த்தலைவர் சப்பாணிமுத்து வீட்டுக்கு வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் இரண்டு செம்பு மோர் குடித்தார்.

“சாமி பொறப்பாட்டுல பாதியில நின்னுட்டா ஊருக்கு ஆகாது மாடக்கண்ணு. இந்தக் கொடைக்கு நீ ஊதிட்டேன்னா என்னைக்கும் நீதான். முடியலைன்னா உரிமைய மேலூர்க்காரனுக்குக் கொடுக்கணும்னு ஊர்ல பேசுதாவ. நான் என்ன செய்ய, சொல்லு.”

அவர் போன பிறகு மாடக்கண்ணு நாகசுரத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டான். உலகம்மை ஏறி அதை எடுத்து மறுபடி அவன் பக்கத்தில் வைத்தாள்.

“எதுக்குளா இத எடுத்த? எங்கிட்ட மூச்சு எங்க இருக்கு?”

“இருக்கிற மூச்சு போதும். அதுக்குத் தக்கன நான் ஒரு மெட்டு கட்டுதேன்.”

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. அவன் படுத்திருக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு எவ்வளவு தூரம் போகிறது, எங்கே தடுக்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று அவள் கைக்குப் பழகிவிட்டது. அந்த அளவுக்குள் அடங்குகிற சின்னச் சின்ன அடிகளாக ஒரு மெட்டு அவள் தலைக்குள் சேர ஆரம்பித்தது. கடைசி அடி வந்து சேர்ந்தது கொடையன்றைக்குக் காலையில்தான்.

விளக்குக் கரியைக் கடுக்காய்க் கஷாயத்தில் குழைத்து, கருவேலம்பிசின் சேர்த்தால் மை. கரி இருந்தது, கஷாயம் இருந்தது, பிசின் ஜாடி காலி. பிசின் எடுக்க ஊருக்கு வெளியே கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும். வந்த மெட்டு அதுவரை நிற்குமா? உலகம்மை அடுக்களைக்குள் நுழைந்தாள். ஒரு துண்டு கருப்பட்டியைத் தட்டிப் பாகு காய்ச்சி மைக்குள் ஊற்றிவிட்டாள். ஒட்ட வேண்டும், அவ்வளவுதானே என்பது அவள் கணக்கு.

“மையில இனிப்பு வாசம் அடிக்கே உலகம்மை,” என்றான் மாடக்கண்ணு.

“அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும். நீங்க நக்கவா போறிய? ஊதத்தானே போறிய.”

மை வழுவழுவென்று இறங்கியது. புள்ளிகள் மினுமினுவென்று எழும்பி நின்றன. இத்தனை அழகாக எழுதியதே இல்லை என்று அவளுக்கே பெருமை. பச்சை மையை யாரும் பார்க்கக் கூடாது, மூச்சுக் காற்று பட்டால் கலையும் என்பது அவள் சட்டம். அதனால் மாடக்கண்ணுக்குக்கூடக் காட்டாமல், முற்றத்து நிழலில் காகிதத்தின் நாலு முனையிலும் கல் வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். மெட்டும் வழக்கம்போல் தலையைவிட்டுப் போயிருந்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் காகிதத்தில் ஏழு நகக்கோடுதான் இருந்தது. ஒரு புள்ளி இல்லை. பக்கத்தில் மைக்கூடும் நக்கித் துடைத்துக் கிடந்தது. முற்றம் முழுக்க எறும்புகள், வயிறு புடைத்து நகர முடியாமல் கிடந்தன. குடித்த மை உடம்பெல்லாம் ஊறி, சிவப்பாக இருந்தவையெல்லாம் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டிருந்தன.

“ஐயோ” என்று உலகம்மை கத்திவிட்டாள். சத்தம் கேட்டு வெளியே வந்த மாடக்கண்ணுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திட்டினாலாவது அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் மெல்ல, “சரி விடு. மேலூர்க்காரனும் நல்லாத்தான் ஊதுவான்,” என்றான். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவனுக்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

“ஊத்தணும்னா ஊத்து தாயி,” என்றது ஒரு குரல். எறும்புக் கூட்டத்தில் பெரியவள், செவத்தி என்று பேர். பேருக்கும் நிறத்துக்கும் அன்றோடு சம்பந்தம் விட்டுப்போனது. “தின்னது தப்புதான். கருப்பட்டின்னு நெனச்சுத் தின்னோம், மெட்டுன்னு தெரியாது. இப்ப அது உள்ள கெடந்து எங்களையும் சும்மா இருக்க விடமாட்டேங்கு.”

“மெட்டு உங்க வயித்துலயா இருக்கு?”

“வயித்துலதான். ஆளுக்கு ஒரு புள்ளி.”

 உலகம்மைக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனாலும் ஆத்திரத்துக்கு நடுவில் ஒன்று தோன்றியது. எறும்புக்கு எது மறந்தாலும் இனிப்புக் கண்ட இடம் மறக்காது. பானையைக் கீழே வைத்தாள்.

“யார் யாரு எந்தெந்த எடத்துல தின்னியளோ, அங்கங்க போயி நில்லுங்க.”

எறும்புகள் காகிதத்தில் ஏறின. வரிசை என்றால் என்னவென்று தெரியாத கூட்டம். ஒன்றை ஒன்று தள்ளியது, இது என் இடம் என்று அடித்துக்கொண்டது, மிதித்துக்கொண்டது. செவத்தி ஒவ்வொருத்தியாக இழுத்து நிறுத்தினாள். பெரிய புள்ளிகளில் மூன்று நான்கு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மூச்சு வாங்கும் இடங்களில் இருவர் தலையோடு தலை முட்டி நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்தில் மெட்டு எழும்பி வந்தது. மாடக்கண்ணு குனிந்து பார்த்தான். அவனை அறியாமல் அவன் விரல்கள் தொடையில் அசைந்தன.

“நடுவுல ஒரு எடம் காலியா இருக்கே,” என்றான்.

செவத்தி அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். சுவரில் பல்லி ஒன்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

“மையக் குடிச்ச மயக்கத்துல சுவரோரம் போயிட்டா. இனி வரமாட்டா,” என்றாள் செவத்தி. அந்தச் சுரம் எதுவென்று உலகம்மைக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள், வரவில்லை.

“போறபோக்குல பாத்துக்கிடலாம்,” என்றான் மாடக்கண்ணு. பார்த்து எழுத மையும் இல்லை, பொழுதும் இல்லை. கோயிலில் மேளம் தட்டிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதனால் உலகம்மை காகிதத்தை அரிசி புடைக்கிற சுளகில் வைத்து, எறும்புகளோடு அப்படியே கோயிலுக்கு ஏந்திக்கொண்டு போனாள். ஊர் பார்த்துச் சிரித்தது. மேலூர்க்காரன் ஒரு ஓரமாக நாகசுரத்துக்குச் சீவாளி பொருத்திக்கொண்டிருந்தான். மாடக்கண்ணு கண்ணெதிரே சுளகைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். தவில் இடித்த இடியில் சுளகு அதிர்ந்தது. எறும்புகள் காகிதத்தை ஆறு காலாலும் பற்றிக்கொண்டு நின்றன.

மாடக்கண்ணு ஊத ஆரம்பித்தான். சின்ன அடி, ஒரு மூச்சு. இன்னொரு சின்ன அடி, ஒரு மூச்சு. முட்டி நின்ற இரண்டு எறும்புகளைக் காணும் இடத்திலெல்லாம் அவன் நிதானமாக மூச்சு வாங்கினான். கேட்டவர்களுக்கு அது நோயாளியின் ஊதலாகப் படவில்லை. ஆசையாக ஒன்று சொல்லி, கேட்டாயா என்று நிறுத்தி, மறுபடி சொல்வதாகத்தான் பட்டது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அடுத்த வரியை உலகம்மை அப்போதுதான் கவனித்தாள். அந்த அடி நீளம். நோய்க்கு முந்தின மாடக்கண்ணுக்கு எழுதுவது போல, கை தன் போக்கில் நீட்டி எழுதிவிட்டிருந்தது. காலி இடம் இருந்ததும் அந்த அடியில்தான். பாதியில் இருமல் வந்துவிடும், ஊர் முன்னால் நின்றுவிடுவான் என்று அவள் பயந்தாள். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு முடியப் போகிறது.

அப்போது காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்த எறும்புகள் ஓர் எட்டு நகர்ந்தன. செத்துப்போனவளுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. இருவரும் அவள் விட்டுப்போன இடத்தில் வந்து தலையோடு தலை வைத்துக்கொண்டார்கள். மாடக்கண்ணு அதைப் பார்த்தான். மூச்சு வாங்கினான். இருமல் வரவில்லை. மீதி அடியை எடுத்து, கடைசிப் புள்ளிவரை ஊதி முடித்தான்.

சப்பாணிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னைக்கும் நீதான்னு சொன்னேன்லா,” என்று ஊர் கேட்கச் சொன்னார். மேலூர்க்காரன் தன் நாகசுரத்தை உறையில் போட்டுக்கொண்டு வந்து அந்த மெட்டைத் தனக்கும் எழுதித் தர முடியுமா என்று கேட்டான். மாடக்கண்ணு பேச முடியாமல் மேல்மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். அத்தனை மாசத்தில் அவன் சிரித்து உலகம்மை அன்றுதான் பார்த்தாள்.

அவள் சுளகைத் தரையில் வைத்து, “போங்க, உங்க பாட்டைப் பாருங்க,” என்றாள். எறும்புகள் இறங்கின. பழையபடி சிதறி ஓடவில்லை, ஓட வரவில்லை. முதல் புள்ளியைத் தின்றவள் முன்னால் போக, அடுத்தது அதன் பின்னால், அதற்கடுத்தது அதன் பின்னால் என்று மெட்டு போன வழியிலேயே நடந்தன. நடுவில் உலகம்மையின் பாதத்தின் மேல் ஏறி இறங்கின. ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

அன்று மை குடிக்க வராத எறும்புகள் இன்றும் சிவப்பாகத்தான் திரிகின்றன, கடிக்கவும் செய்கின்றன. குடித்தவற்றைத்தான் நாம் பிள்ளையார் எறும்பு என்று சொல்லி மிதிக்காமல் தாண்டிப் போகிறோம். அவை கறுத்ததும், கடிக்க மறந்ததும், ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதும் அன்று முதல்தான். வழியில் இரண்டு எதிரெதிரே வந்துவிட்டால் தலையோடு தலை முட்டி ஒரு கணம் நிற்கின்றன. மாடக்கண்ணு மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருந்துவிட்டு, பிறகுதான் அடுத்த அடி வைக்கின்றன.