மைனா விட்டுவிட்ட ஓசை

அல்லிக்குளத்தங்கரையில் ஒரு மைனா இருந்தது. யார் எப்படிப் பேசினாலும் அதே குரலில் பேசிக் காட்டும். அந்தத் திறமையால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு கோடையில் மலைக்காட்டு விலங்குகள் அந்தக் குளத்துக்கு ஓடி வந்தன. மலைக்காட்டில் செந்நாய்கள் ஆட்சியைப் பிடித்திருந்தன. தங்களைக் கேட்காமல் யாரும் ஓடையில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றன. "ஏன்?" என்று கேட்ட முயலை மறுநாள் காணவில்லை. "முயல் எங்கே?" என்று கேட்ட மானையும் காணவில்லை. பிறகு செந்நாய்கள் வளை வளையாகப் புகுந்து எல்லோரையும் விரட்டின.

ஓடி வந்தவர்களில் ஒரு முள்ளம்பன்றியும் இருந்தாள். குளத்து ஆமை தன் மேட்டில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.

"இங்க வளை தோண்டிக்கோம்மா. மண்ணு இளக்கமா இருக்கும்."

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணே!" என்றாள் முள்ளம்பன்றி. மழை நாளில் ஆமைக்கு அந்த மேட்டை விட்டால் வேறு இடம் கிடையாது என்பது அவளுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

இதற்குள் செந்நாய்களுக்கு வேண்டிய நரி ஒன்று ஊரெல்லாம் கதை கட்டிவிட்டது. "யாரும் அவங்களை விரட்டலையே! நல்ல தீனி கிடைக்கும்னு அவங்களாத்தான் போனாங்க!"

மைனாவுக்குப் பொறுக்கவில்லை. முள்ளம்பன்றியிடம் வந்தது. "அக்கா, நடந்ததைச் சொல்லுங்க. நான் காடு காடாப் போய்ச் சொல்றேன்!"

"சொல்றேன் தாயி. என் மக சின்னமுள்ளு எங்கயாவது இருந்தா அவ காதுலயும் விழட்டும்" என்று முள்ளம்பன்றி தொடங்கினாள். "நாய்ங்க வந்தப்போ நான் கிழங்கு தின்னுக்கிட்டிருந்தேன். வாயில பாதிக் கிழங்கோட ஓடினேன். ஆத்தைத் தாண்டின பிறகுதான் அதைத் துப்பணும்னே தோணுச்சு. திரும்பிப் பார்த்தா பின்னாடி வந்த சின்னமுள்ளைக் காணோம். இப்படி வாலை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன்."

அவள் வாலை ஆட்டிக் காட்டினாள். முட்கள் ஒன்றோடொன்று உரசின. "சல சல சல... டொக்!"

"என் வால்ல ஒரு முள்ளு ரொம்ப நாளாவே உடைஞ்சிருக்கு. அதான் அந்த டொக்கு. என் மக பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்."

மைனா தலையை ஆட்டியது. மனசுக்குள்ளே, 'கிழங்கா? வாலா? இதைக் கேட்டு யார் அழுவார்கள்?' என்று நினைத்துக்கொண்டது.

அதனால் கிழங்கையும் அந்த வால் ஓசையையும் விட்டுவிட்டு, கதையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியது. செந்நாய்களுக்குக் கொம்பு முளைத்தது. வானம் தீப்பிடித்தது. தாய் குன்றின் உச்சியில் நின்று ஒப்பாரி வைத்தாள். கேட்டவர்களெல்லாம் அழுதார்கள், அத்திப்பழமும் கொடுத்தார்கள். மைனாவுக்கு வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது.

ஒரு நாள் அல்லிக்குளத்திலேயே அந்தக் கதையைச் சொன்னது. முள்ளம்பன்றி முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டாள். கதை முடிந்ததும் எழுந்தாள்.

"ஐயோ பாவம்! அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க? நான் போய் ஆறுதல் சொல்லணும்!"

மைனாவுக்கு அத்திப்பழம் தொண்டையில் சிக்கியது. "அக்கா... அது நீங்கதான்."

"நானா? நான் எந்தக் குன்று மேலயும் ஏறலையே! வாயில கிழங்கை வெச்சுக்கிட்டு எப்படி ஒப்பாரி வைப்பேன்?"

புதருக்குள்ளிருந்த நரி விழுந்து விழுந்து சிரித்தது. "கொம்பு வெச்ச செந்நாயாம்! பார்த்தீங்களா, எல்லாமே புளுகு!"

அழுதவர்களே இப்போது சந்தேகத்தோடு மைனாவைப் பார்த்தார்கள். மைனா வெட்கத்தில் குன்றிப் போனது.

முள்ளம்பன்றி கோபிக்கவில்லை. "எங்களுக்காக ஊர் ஊராப் பறந்தியே, அதை நான் மறக்க மாட்டேன். ஆனா கொம்பையும் தீயையும் கேட்டா, இது நம்ம அம்மான்னு என் மகளுக்கு எப்படித் தெரியும்?"

மைனா அவள் காலடியில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து கேட்டது. கிழங்கைக் கேட்டது, ஆற்றைக் கேட்டது. அந்த 'டொக்'தான் லேசில் வரவில்லை. பொழுது சாயும்வரை பழகியது.

பிறகு ஆற்றுக்கு அப்பாலிருந்த மூங்கில் காட்டுக்குப் பறந்தது. அங்கேயும் ஓடி வந்தவர்கள் இருந்தார்கள். மைனா கேட்டதைக் கேட்டபடியே சொன்னது. இந்த முறை யாரும் தேம்பி அழவில்லை. ஒரு மான் மட்டும் மெதுவாக, "ஆமா. அன்னைக்கு என் வாயிலயும் புல்லு இருந்துச்சு" என்றது. பின்னாலேயே வந்திருந்த நரி வாலை மடக்கிக்கொண்டு நழுவியது.

கடைசியாக மைனா கூப்பிட்டுக் காட்டியது. "சல சல சல... டொக்!"

ஓர் உடும்பின் வளையிலிருந்து சின்ன மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

"உடும்பு மாமா! எங்கம்மா கூப்பிடுறாங்க!"

சின்னமுள்தான் அது! அநாதையாக நின்ற குட்டியை உடும்புதான் சேர்த்துக்கொண்டு காப்பாற்றி வந்தது. இப்போது ஆறு வரைக்கும் துணைக்கு வந்து வழியனுப்பியது. மைனா தாழப் பறந்து அதே ஓசையை எழுப்பிக்கொண்டே போக, சின்னமுள் பின்னால் ஓடினாள். குளத்தை நெருங்கும்போது மேட்டிலிருந்து பதில் வந்தது. "சல சல சல... டொக்!"

முள்ளம்பன்றிகளால் கட்டிக்கொள்ள முடியாது. தாயும் மகளும் மூக்கோடு மூக்கு வைத்து அப்படியே நின்றார்கள்.

பிறகு தாய் ஆமையைக் கும்பிட்டாள். ஆறிருந்த திசையைப் பார்த்து உடும்பையும் கும்பிட்டாள். கடைசியில் ஒரு கிழங்கை எடுத்து மைனாவின் முன்னால் வைத்தாள்.

"என்கிட்ட இதுதான் இருக்கு தாயி. நீ சாப்பிடணும்."

மைனாவுக்குக் கிழங்கு பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அன்றைக்கு ஒரு துண்டு கூட மிச்சம் வைக்கவில்லை. "நன்றி நான்தான் சொல்லணும் அக்கா. நான் அப்படிக் கெடுத்த பிறகும் என்னை நம்பி மறுபடி சொன்னீங்களே!" என்றது.

துன்பப்பட்டவர்கள் நம்மை நம்பிச் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எடுத்துச் சொல்வதுதான் நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.