நல்ல வெள்ளி

"வெள்ளி ஏறுமா, பாய்?"

சேவுகமூர்த்திக்கு இந்த ஒரு கேள்விதான். ஆடி மாசத்திலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் நம் ஆட்கள் டாலரை வெள்ளி என்பார்கள். தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவர் சமையல் மாஸ்டர். மதியக் கூட்டம் கலைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்வாடைக்கு வருவார். அங்கே நெய்னா முகம்மது காசு மாற்றி ஊருக்கு அனுப்பும் கடை வைத்திருந்தார். மாஸ்டரைவிட இரண்டு வயசு இளையவர். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அதனால் தெருவில் அவருக்குச் சில்லறைச் சித்தர் என்று பேர். சித்தர் இருந்தால் சீடன் வேண்டாமா? அந்த வேலையை மாஸ்டர் தலையில் கட்டிவிட்டார்கள்.

"ஏறுமா, பாய்?"

"டீ சொல்லவா, அண்ணே?"

இதுதான் அன்றாட உபதேசம்.

ஊரில், சிங்கம்புணரிப் பக்கம், மாஸ்டரின் வீடு சுவரோடு நிற்கிறது. மேலே கான்கிரீட் போட வேண்டியதுதான் பாக்கி. அதற்கான பணம் கையில் இருந்தது. அனுப்பத்தான் மனசு வரவில்லை. ஆடியில் ஒரு நாள் வெள்ளி அறுபத்தெட்டு ரூபாயைத் தொட்டது. நாளைக்கு எழுபது ஆகும் என்று காத்திருந்தார். மறுநாள் இறங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

மனைவி பஞ்சவர்ணம் நாத்தனார் வீட்டில் ஒரு மூலையில் பெட்டியோடு கிடந்தாள். நாத்தனார் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியும் பிறந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் தை வரைக்கும் கொத்தனாரைக் கண்ணில் பார்க்க முடியாது.

ஒரு நாள் மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"பாய், நான் இங்க வந்த வருஷம் நாப்பத்தெட்டு. அப்புறம் அம்பத்தஞ்சு. ஆடியில அறுபத்தெட்டு. இன்னிக்கு அறுபத்தேழு. எல்லாம் எனக்கு மனப்பாடம். இனிமே என்ன ஆகும்னு மட்டும் சொல்லுங்க."

"நாப்பத்தெட்டுல அனுப்புனீங்களே, அது என்னாச்சு?"

"அஸ்திவாரம் போட்டேன்."

"அம்பத்தஞ்சுல?"

"சுவரு."

"அப்ப அஸ்திவாரம் என்ன, ஏழு ரூபா இளப்பமாவா கெடக்கு?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"விளையாடாதீங்க பாய். இங்க வயிறு எரியுது."

நெய்னா எழுந்தார். ரேட்டு எழுதும் பலகையைத் துடைத்தார். இந்திய ரூபாய்க்கு நேரே அறுபத்தெட்டு என்று எழுதினார்.

"மாத்திக்கங்க அண்ணே. ஆடி ரேட்டு."

மாஸ்டருக்கு முகமெல்லாம் பல். அவசர அவசரமாகப் பையைத் திறந்தார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஒண்ணே ஒண்ணு. ரூபாயை மட்டும் அன்னிக்குப் போய் வாங்கிக்கணும்."

"என்னிக்கு?"

"ஆடியில. அந்த நாள்ல."

மாஸ்டர் பையை மூடினார்.

"போய்யா, நீயும் உன் ரேட்டும்!"

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஆனால் பழக்கம் சும்மா விடுமா? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நெய்னா கடையைத் திறந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

நெய்னா டீ சொன்னார். பிறகு பலகையில் அன்றைய ரேட்டை எழுதினார். அறுபத்தாறு.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்ளப் போனார். அதற்குள் போன் அடித்தது. பஞ்சவர்ணம்.

"என்னங்க, பேங்குலேருந்து பேசுறேன். பாஸ்புக்குல இன்னிக்கும் ஒண்ணும் ஏறலைங்க."

"பேங்குல உனக்கு என்ன வேலை? நான் இன்னும் அனுப்பவே இல்லையே!"

"நீங்கதானே சொன்னீக? நல்ல வெள்ளியா வரட்டும், அன்னிக்கே அனுப்பிடுறேன்னு. அதான் எல்லா வெள்ளிக்கிழமையும் தலைக்குக் குளிச்சிட்டு வந்துடுறேன். லட்சுமி வர்ற நாளாப் பாத்து அனுப்பணும்னு நெனைக்கிறாகன்னு உங்க அக்காகிட்டகூடப் பெருமையாச் சொன்னேன்."

மாஸ்டர் சொன்ன வெள்ளி வேறு. ஊரில் டாலருக்கு டாலர் என்றுதான் பேர். இத்தனை வருஷத்தில் அது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"நான் ஒண்ணும் கொறையாச் சொல்லலைங்க. கொத்தனார்தான் கேக்குறாரு. வானம் வெளுத்திருக்கு, இப்பவே போட்டுடலாம்ங்கிறாரு. அதனால என்ன, இந்த வெள்ளி போனா அடுத்த வெள்ளி இருக்குல்ல? வச்சிரவா?"

"வைக்காத! அங்கேயே நில்லு!"

மாஸ்டர் பையை அப்படியே கல்லாப் பலகைமேல் கவிழ்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. வெங்காயம் உரித்த கை, துடைத்தால் இன்னும் எரியும். விட்டுவிட்டார்.

"அனுப்புங்க பாய். முழுசும்."

"ரேட்டு பாத்தீங்களா, அண்ணே?"

"எளவு ரேட்டு! அவ அங்க நிக்கிறா, பாய்."

நெய்னா எண்ணினார், கம்ப்யூட்டரில் தட்டினார், அனுப்பினார். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் பேங்கு மிஷின் கரகரவென்று அச்சடிக்கும் சத்தம்.

"என்னங்க! ஏறிடுச்சு! ஏறிடுச்சுங்க!"

பஞ்சவர்ணத்தின் குரல் கடை முழுக்கக் கேட்டது. நெய்னா பலகையைத் துடைத்து ரேட்டைப் பத்துக் காசு குறைத்து எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணே சத்தம்?"

மாஸ்டர் பலகைப் பக்கம் பார்க்கவே இல்லை.

"வெள்ளி ஏறிடுச்சு, பாய்."