ஆமோஸ் பாஸ்டரின் கால்

சில்வானு ஐயாவிடம் அவருடைய சீடர் ஆமோஸ் பாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். ஐயா அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆமோஸ் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஒரே ஷிப்டில் வெல்டிங் அடித்தவர்கள். ஆமோஸை ஆண்டவரிடம் கூட்டிவந்து, ஞானஸ்நானம் கொடுத்து, பிரசங்கம் பண்ணப் பழக்கியது எல்லாம் சில்வானுதான். ஊரே 'பாஸ்டர், பாஸ்டர்' என்று ஆமோஸைச் சுற்றி வந்தாலும் ஐயாவுக்கு அவர் வெறும் ஆமோஸுதான்.

ஆவடியைத் தாண்டித் தகரக் கூரை போட்ட சபை ஆமோஸுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிரசங்கிக்க ஐயாவை அழைத்திருந்தார். வந்தவரை மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ஆமோஸின் மனைவி சுகிர்தா அழுது வீங்கிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். வெளியே பாடகர் குழு மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா, எனக்காக ஒரு ஜெபம் பண்ணணும். யாருக்கும் தெரியக்கூடாது."

"என்னன்னு சொல்லு."

ஆமோஸ் ஷூவைக் கழற்றினார். சாக்ஸை மெதுவாக உருவினார். அறைக்குள் ஒரு வாடை பரவியது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்துப்போயிருந்தன.

ஐயா குனிந்து பார்த்தார்.

"வலிக்குதா?"

"துளிகூட இல்லை. ஆண்டவர் வலியை எடுத்துட்டார்."

"வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் ஐயா. நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "சுகர்தானே?"

"ஆமா."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

சுகிர்தாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்கேய்யா போறாரு! நானும் தினம் உப்புத் தண்ணியில கழுவிக் கழுவிக் கட்டுறேன். கெஞ்சாத கெஞ்சு இல்லை. இப்படியே விட்டா கால் போயிடும். அப்புறம் ஆளும் போயிடுவார். நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் ஆமோஸ்.

"அவ பேசட்டும். நீ சும்மா இரு" என்றார் ஐயா.

ஆனால் ஆமோஸ்தான் பேசினார். "போன வருஷம் சபை ஆண்டு விழாவுல சாட்சி சொன்னேன்யா. பத்து வருஷமா ஒரு மாத்திரைகூட வாயில போட்டதில்லைன்னு. அன்னைக்கு அது சத்தியமா நிஜம். ஜனம் எழுந்து நின்னு கை தட்டினாங்க. வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டாங்க. இப்போ 'மாத்திரை தொடாத பாஸ்டர்'னாத்தான் என்னைத் தெரியும். அதுக்கு அடுத்த மாசமே ஒரு இலவச முகாம்ல ரத்தம் குத்திப் பார்த்தாங்க. சுகர் எகிறிக் கிடக்கு."

"தெரிஞ்ச பிறகாவது இனிப்பை நிறுத்துனியா? வீட்டுக்கு வீடு ஜெபத்துக்குப் போறியே, போற இடத்துல எல்லாம் காபி குடுப்பாங்களே?"

"குடிக்கிறேன்."

"சர்க்கரை போட்டா?"

"வேணாம்னா ஏன் வேணாம்னு கேப்பாங்களே!"

"ஒரு நாளைக்கு எத்தனை வீடு?"

 சுகிர்தா சொன்னார்: "கதவு திறந்திருக்கிற வீடெல்லாம். நடுவுல உபவாச ஜெபம் வேற. கேசரி சாப்பிட்ட மறுநாள் பட்டினி. பட்டினிக்கு மறுநாள் கல்யாணச் சாப்பாடு. இதுல இந்தப் புண்ணு ஷூ கடிச்சு வந்தது. ஷூவை மாத்தக்கூட அவருக்கு நேரமில்லை."

ஐயா கதவைக் காட்டினார். "ஆட்டோ பிடிச்சுக் கிளம்பு. ஆராதனையை நான் பார்த்துக்கறேன்."

"பாஸ்டர் எங்கேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்னு சொல்வேன்."

"அதுக்கு என்னைக் கொன்னுடுங்க!" என்று ஆமோஸ் கத்திவிட்டார். வெளியே மைக் சத்தம் சட்டென்று நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்களே சொல்லுங்கய்யா. காய்ச்சல்னாலும் கேன்சர்னாலும் முதல்ல என்கிட்ட ஓடி வர்ற ஜனம் இது. மேய்ப்பனே சீக்காளின்னு தெரிஞ்சா ஆடெல்லாம் எங்கே போகும்?"

இதுதான் அவர் கேட்ட கேள்வி.

ஐயா கீழே கிடந்த சாக்ஸை எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு, "சரி. சாக்ஸைப் போட்டுக்கோ" என்றார்.

"ஜெபம்?"

"பண்றேன். இங்கே இல்லை."

போகிற போக்கில் சுகிர்தாவிடம் தணிந்த குரலில், "ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு வாசல்ல நிக்கச் சொல்லும்மா" என்றார். கதவைத் திறந்துகொண்டு நேராக மேடைக்குப் போய்விட்டார்.

சபை நிரம்பி வழிந்தது. ஐயாவின் பிரசங்கம் ஆரம்பித்ததும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. இதற்குத்தானா இவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். அடுத்தது வியாதியஸ்தருக்கான ஜெபம். இந்த மாதிரி சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊழியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, 'இன்ன வியாதியோடு ஒருவர் இங்கே வந்திருக்கிறீர்கள்' என்பார். அந்த வியாதிக்காரர் முன்னால் போவார், தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். கீபோர்டு மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்கும்.

ஐயா கண்ணை மூடவில்லை.

"காலில் ஆறாத புண்ணோடு இங்கே இருக்கிறவர்கள் முன்னால் வாங்க."

மேடையோரம் இருந்த ஆமோஸ் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஐயா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 'ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார்' என்றும் சொல்லவில்லை. அதை யார் கவனித்தார்கள்! ஜனம் அல்லேலூயா சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு ஏடிஎம் வாட்ச்மேன் வந்தார். காலில் கட்டு.

"யார் கட்டினாங்க?" என்று ஐயா கேட்டார்.

"பெரியாஸ்பத்திரியிலங்க. வாரா வாரம் வரச் சொல்லியிருக்காங்க."

"ஒரு வாரம்கூட விடாதீங்க" என்று சொல்லி அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

அடுத்து மரகதம் அக்கா வந்தார். மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவர். நடையே சரியில்லை, தாங்கித் தாங்கி வந்தார்.

"அம்மா, சுகருக்கு மாத்திரை போடுறீங்களா?"

"நிறுத்திட்டேன்யா!" என்றார் மரகதம். குரலில் அவ்வளவு பெருமை. "பாஸ்டர் சாட்சி சொன்னாரே, அன்னைக்கே டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டேன். அவருக்கு இருக்கிற விசுவாசத்துல எனக்குக் கொஞ்சமாவது இருக்காதா?"

கூரை அதிரக் கை தட்டினார்கள். ஐயா தட்டவில்லை. மரகதத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"இன்னும் ஒருவர் இருக்கிறார்."

யாரும் வரவில்லை.

"காத்திருக்கிறேன்."

கீபோர்டு வாசித்தவர் மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையை எடுத்துவிட்டார். ஜனம் திரும்பித் திரும்பி ஒருவர் காலை ஒருவர் பார்த்தது.

ஆமோஸுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நம்பிக் காட்டினேனே, இப்படி நடுச்சந்தியில் நிறுத்துகிறாரே மனுஷன்! ஆனால் ஐயா பெயரைச் சொல்ல மாட்டார். அது ஆமோஸுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இந்த நிமிஷம் தாண்டிவிடும், மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அப்போது மரகதம் அக்கா மேடையை நிமிர்ந்து பார்த்து அவரிடம் சிரித்தார். பார்த்தீங்களா பாஸ்டர், எப்படிச் சொன்னேன் என்கிற சிரிப்பு.

அதை ஆமோஸால் தாங்க முடியவில்லை. மேடையைவிட்டு இறங்கி வந்தார். மரகதத்துக்குப் பக்கத்தில் நின்று ஷூவைக் கழற்றினார், சாக்ஸை உருவினார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். "ஐயோ, நம்ம பாஸ்டரா!" என்று ஒரு குரல் அலறியது.

"எனக்கு சுகர். ஒரு வருஷமாத் தெரியும். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."  மரகதத்தின் பக்கம் திரும்பினார். "அக்கா, மாத்திரையை விடச் சொன்னது நான்தான். வாயால சொல்லலை, அவ்வளவுதான். இன்னைக்கே வாங்கிப் போடுங்க. என்னை மன்னிச்சிடுங்க."

மரகதத்தின் முகத்தில் அந்தச் சிரிப்பு இப்போது இல்லை.

பின்னால் ஒருவர் எழுந்தார். "அப்போ எங்க பிள்ளைக்காக ஜெபம் பண்ணினது எல்லாம் என்ன பாஸ்டர்? நாடகமா?"

கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. தன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். வாசலில் செருப்புத் தேடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆமோஸ் எதற்குப் பயந்தாரோ அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

அவர் அப்படியே முழங்காலிட்டார். ஐயா அவர் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவரே, இவனைக் காப்பாத்தும்."

ஜெபம் அவ்வளவுதான். ஆமென் சொல்லி ஐயா கையை எடுத்த பிறகும் தலையில் இன்னொரு கை இருந்தது. பூ நாரில் உரசி உரசிக் காய்த்துப்போன கை. இத்தனை வருஷ ஊழியத்தில் சபை ஜனத்தில் ஒருவர்கூட அவர் தலையில் கை வைத்ததில்லை. ஆமோஸ் தேம்பி அழுதார்.

"அழுதது போதும், எழுந்திருங்க பாஸ்டர்" என்றார் மரகதம். கோபம் இன்னும் தணியவில்லை. "நானும் வர்றேன். என் காலையும் அதே டாக்டர்கிட்டக் காட்டணும்."

ஆட்டோவில் ஐயா டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். பின்னால் மரகதம், ஆமோஸ், சுகிர்தா. சுகிர்தா கணவரின் கையை இறுகப் பிடித்திருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது.

"திருப்திதானேய்யா?" என்றார் ஆமோஸ். "பாதி சபை போயிடுச்சு."

ஆமோஸ் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"விரலை எடுத்துடுவாங்களா?"

"எடுக்கலாம்."

"காலையே எடுக்கணும்னு சொல்லிட்டா?"

"அதையும் சொல்லலாம். டாக்டர் பார்த்தாத்தான் தெரியும்."

கூட்ஸ் வண்டி ஒன்று தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது.  சத்தம் அடங்கியதும் ஆமோஸ் உடைந்த குரலில் கேட்டார்:

"காலே போயிட்டா, நான் எப்படிய்யா நின்னு பிரசங்கம் பண்ணுவேன்?"

ஐயா திரும்பி அவரைப் பார்த்தார்.

"உக்காந்து பண்ணு, ஆமோஸு."