நீர்யானையின் வாசலில் தட்டிய தோணி

நீர்யானைக்கும் மனிதர்களுக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவின் ஒகவாங்கோ சதுப்பில் சியாபெலோ என்றொரு தோணிக்காரன் இருந்தான். மரத்தைக் குடைந்து செய்த ஒல்லித் தோணியின் பின்முனையில் நின்று, நீண்ட கழியை ஊன்றி ஊன்றித் தள்ளுவான். அந்த ஊர்த் தோணிக்காரர்களுக்குப் பெருமையே சத்தமில்லாமல் போவதுதான். கழி தண்ணீருக்குள் இறங்குவதும் கேட்கக் கூடாது, வெளியே வருவதும் கேட்கக் கூடாது. இதில் சியாபெலோவை மிஞ்ச ஆளில்லை. அது அவன் தலைக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது.

ஒரு நாள் காலையில் அவன் மனைவி ஒராட்டிலேவுக்கு இடுப்பு வலி எடுத்தது. தலைப்பிரசவம். மருத்துவச்சியோ அடுத்த தீவில் இருந்தாள். மனைவியைத் தோணியில் உட்காரவைத்து, குறுக்கு வழி என்று நடு ஆழத்திலேயே தோணியை விட்டான்.

“நாணல் ஓரமாப் போங்களேன். நடுவுல நீர்யானைங்க குடியிருக்கு” என்றாள் அவள்.

“அதுங்களுக்குக் கேட்டாத்தானே? நான் போறது தண்ணிக்கே தெரியாது.”

ஒரு திருப்பத்தில் ஊன்றிய கழி சேற்றைத் தொடவில்லை. அடியில் தூங்கிக்கொண்டிருந்த நீர்யானைக் குட்டியின் முதுகில் போய்க் குத்தியது. குட்டி வீறிட்டது. தாய் எழும்பிவந்து தோணியைக் கவிழ்த்துப் போட்டது. சியாபெலோ மனைவியை இழுத்துக்கொண்டு நாணல் திட்டுக்குத் தப்பினான். தாய் விடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அவன் எதிரே வந்து நின்றது.

“பச்சப்புள்ள தூங்குற வீட்டுக்குள்ள குரல் கொடுக்காம வர்றவனுக்கு என்னடா பேரு?”

ஒராட்டிலேதான் பேசினாள். இடுப்பளவு தண்ணீரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தப்பு எங்களோடதுதான் அக்கா. எனக்கு வலி கண்டிருக்கு.”

“நீ போம்மா. இவன் இருக்கட்டும்.”

“இவரை விட்டுட்டு நான் எப்படிக்கா கரை சேர்றது? எம்புள்ளைக்கு அப்பா வேணாமா?”

தாய் குட்டியின் முதுகை முகர்ந்து பார்த்தது. காயம் ஆழமில்லை. பிறகு ஒராட்டிலேவின் வயிற்றைப் பார்த்தது.

“போங்க. இனிமே ஓரம் உங்களுக்கு, ஆழம் எங்களுக்கு. எங்க வாசலத் தாண்டித்தான் ஆகணும்னா தட்டிட்டு வாங்க, புள்ளைங்கள ஒதுக்கிக்கிறோம். தட்டாம வந்தா இப்படி நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டேன்.”

சியாபெலோ தோணியை நிமிர்த்தி மனைவியை ஏற்றினான். நாணலை ஒட்டியே தள்ளினான். திருப்பம் வரும்போதெல்லாம் கழியால் தோணியின் பக்கவாட்டில் டொக் டொக்கென்று தட்டினான். தீவுக்காரர்கள் கரைக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். சியாபெலோவா இப்படிப் போகிறான் என்று சிரித்தார்கள். அவனுக்கு மானம் போயிற்று. ஆனாலும் தட்டுவதை நிறுத்தவில்லை. உச்சிவெயில் ஏறுவதற்குள் மருத்துவச்சியின் குடிசையில் பெண்குழந்தை பிறந்து அழுதது. கேட்டுக்கொண்டிருந்த சியாபெலோவும் அழுதான்.

அன்று முதல்தான் அந்தச் சதுப்பில் தோணிகள் நாணல் ஓரமாகவே போகின்றன, ஆழத்தைத் தாண்டும்போது தோணிக்காரர்கள் தட்டுகிறார்கள், தட்டாமல் வருகிறவனிடம் நீர்யானை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.