ஊசிக்கு முந்தைய ரத்தம்

ஸ்டெல்லா ரூபி நாற்பத்தாறு வயதில் ஆய்வு செய்ய வந்தவள். கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. மூன்று வருட விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்ப வேண்டும். நெறியாளர் தையல்நாயகி அவளைவிட எட்டு வயது இளையவர். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஈரல் நோய் தொடங்கும்போது மனித உடம்பில் ஒரு புரதம் கூடுகிறது என்பது ரூபியின் ஆய்வு. அந்தப் புரதத்தை ஒரு முயலுக்கு ஊசியாகப் போட்டிருந்தாள். அதை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் முயலின் ரத்தத்தில் உண்டாகும். நோயாளிகளின் மாதிரிமேல் அந்த ரத்தநீரை ஊற்றினால், புரதம் இருக்கும் இடத்தில் கறுப்புக் கோடு விழ வேண்டும். கோடு இல்லையென்றால் ஆய்வேடு இல்லை.

எட்டு நோயாளிகளுக்கும் விழுந்தது.

ரூபி கோடுகள் பதிந்த படத்தை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"இது போதுமா மேடம்? இன்றைக்கே முடித்துவிடலாமா?"

தையல்நாயகி ஃப்ரீசரின் அடித்தட்டைத் துழாவி, பனி பூத்த ஒரு சிறு குழாயை எடுத்தார்.

"இதையும் ஊற்றிப் பாருங்கள் டீச்சர்."

"இது என்ன?"

"அதே முயலின் ரத்தநீர்தான்."

"சாயங்காலம் ஆகிவிடும் மேடம்."

"நடந்துகொண்டிருங்கள். உடம்புக்கு நல்லது."

நடந்தாள். தேநீர் வாங்கி ஆறவிட்டாள். ஐந்து மணிக்குப் படம் வந்தது. எட்டிலும் கோடு. அதே இடம், அதே கறுப்பு.

"சரியாக வந்துவிட்டது மேடம்."

"குழாயில் தேதியைப் பாருங்கள்."

ரூபி பனியைத் துடைத்தாள். முதல் ஊசிக்கு முந்தின நாள். கையெழுத்து அவளுடையது. ஊசிக்கு முன் கொஞ்சம் ரத்தம் எடுத்து வைப்பது ஆய்வுக்கூட வழக்கம், ஒப்பிட்டுப் பார்க்கத்தான்; அதில் கோடு விழக் கூடாது. எடுத்து வைத்தாள். பார்க்க மறந்தாள். ரத்தம் எடுக்க முயலின் காதைத் தேய்த்துச் சூடாக்கியது மட்டும் நினைவிருந்தது.

"அன்றைக்கு முயல் அந்தப் புரதத்தைப் பார்த்ததேயில்லையே."

"இல்லை."

"பிறகு எதைக் கண்டு கோடு போடுகிறது?"

"வேறு எதையோ. அதற்கு முன்பே பழக்கமான எதையோ."

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. முந்தைய ரத்தத்தைப் பார்த்தீர்களா என்று இன்று காலைவரை நானும் கேட்கவில்லை டீச்சர்."

ரூபி உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் கால் ஆடிக்கொண்டிருந்தது.

"மூன்று வருடத்தில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று திங்கட்கிழமை பிள்ளைகள் கேட்பார்கள். என்ன சொல்ல?"

தையல்நாயகி குழாயை அதன் இடத்தில் வைத்து ஃப்ரீசரை மூடினார்.

"நாம் ஊசி போடுவதற்கு முன்பும் அந்த முயல் வாழ்ந்துகொண்டிருந்தது என்று சொல்லுங்கள்."