தோற்காத இறுதிப் போட்டி

முத்துத்தீவு என்ற குட்டி நாட்டின் கால்பந்து அணி, வட்டாரக் கோப்பையில் ஏழு முறை ஆடி ஏழு முறையும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது. சங்கத் தலைவர் தணிகைநாதன் தட்டச்சர் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு விழாவுல நான் வாசிக்க அணியோட வரலாறு வேணும். தோல்வின்னு ஒரு சொல் வரக் கூடாது. வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்க, பொய்யும் இருக்கக் கூடாது. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிடு."

மறுநாள் விழாவில் செங்கமலம் எழுதிக் கொடுத்ததைத் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி வாசித்தார்: "வட்டாரக் கோப்பை இறுதிப் போட்டியில் நம்மை இன்றுவரை யாராலும் வெல்ல முடிந்ததில்லை!"

அரங்கமே கைதட்டியது. விருந்தாளி ஒருவர் ஆர்வமாகக் கேட்டார்: "எத்தனை இறுதிப் போட்டி ஆடியிருக்கிறீர்கள்?"

தலைவர் செங்கமலத்தின் பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா" என்றார்.

செங்கமலம் பணிவாக எழுந்தாள். "ஒண்ணுகூட இல்லைங்க. ஐயாவோட மூணு மச்சான்களும் அணியில ஆடுற வரைக்கும் இந்தச் சாதனையை யாரும் முறியடிக்க முடியாது."

அடுத்த வாரமே மச்சான்கள் அணியை விட்டுப் போனார்கள்; தலைவர் பதவியை விட்டுப் போனார்.