ஆள்காட்டி சொன்ன சிறுத்தைச் செய்தி

ஒரு காட்டு ஏரியின் கரைக்கு வெளிப்புறம், வெறுந்தரையில், ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. அந்தக் காட்டுக்கு அதுதான் காவல். அது கத்தினால் மான் ஓடும், முயல் பதுங்கும், எருமைகூட அசைபோடுவதை நிறுத்தும்.

எதிர்ப் பாறையில் ஒரு கிழட்டுச் சிறுத்தை குடியிருந்தது. ஒருநாள் அது கொட்டாவி விட்டதை ஆள்காட்டி அறிவித்தது. காடே கூடிவிட்டது. மறுநாள், "சிறுத்தை புரண்டு படுத்தது!" அதற்கும் கூட்டம். அடுத்த நாள் அது வாலை ஆட்டியது. ஏன் ஆட்டியது என்று முயல்களுக்குள் இரண்டு கட்சி உண்டாயிற்று. ஆள்காட்டிக்குத் தலைகால் புரியவில்லை. அதன் குரல் கேட்டால் இப்போது யாரும் ஓடுவதில்லை, எல்லாரும் பாறையைத்தான் பார்ப்பார்கள்.

அப்போது ஒரு நண்டு வந்தது.

"அக்கா, நான் தோண்டின வளை வழியா ஏரித் தண்ணி கசியுது. தப்பு என்மேலதான். எருமைங்க நாலு வந்து மிதிச்சா அடைஞ்சிடும். கூப்பிட்டுச் சொல்லுங்க."

"எவ்வளவு கசியுது?"

"புல்லு நனையற அளவு."

"புல்லு நனைஞ்சதைப் பார்க்க யாருப்பா வருவாங்க? சிறுத்தை அந்தப் பக்கம் வந்துச்சா?"

"வரலை."

"வந்தா சொல்லு."

நண்டு மறுநாளும் வந்தது. கசிவு வாய்க்கால் ஆகிவிட்டது என்றது. சிறுத்தை வந்ததா என்று ஆள்காட்டி மறுபடி கேட்டது. நண்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைய செய்தி: சிறுத்தை காதைச் சொறிந்தது.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் முட்டைகளைத் தொட்டது. தூக்கிக்கொண்டு ஓட ஆள்காட்டிக்குக் கையா இருக்கிறது? "கரை உடையுது! எருமைங்களா, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

காடு மொத்தமும் தலை நிமிர்ந்து பாறையைப் பார்த்தது.

"தூங்கிட்டுத்தானே இருக்கு," என்றது ஓர் எருமை.

"பாறையில இல்லை, கரையில! என் முட்டை போகுது!"

"சிறுத்தை தின்னுடுச்சா?" என்று மான் ஆவலாகக் கேட்டது.

இல்லை என்று ஆள்காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோதே கரை உடைந்தது. நான்கு முட்டைகளும் வெள்ளத்தோடு போயின. இரண்டு நாளில் ஏரியும் வற்றியது. எருமைகள் சேற்றில் நின்றுகொண்டு, இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டன.

எதைக் காட்டி ஊரைப் பழக்குகிறோமோ, ஆபத்து வந்த நாளிலும் ஊர் அதையேதான் பார்க்கும்.